அலசி, பிழிந்து, உதறி

பிள்ளை பெற்ற வீட்டை அந்தக் காலத்தில் விலாசம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வாசலில் கட்டியிருக்கும் கொடியைப் பார்த்தால் போதும். ஒரு முழமும் ஒன்றரை முழமுமாகக் கிழித்த வேட்டித் துண்டுகள் வரிசையாகக் காயும். நடுவே விரல் நீளத்துக்குக் கை வைத்த இரண்டு சட்டை. ஓரத்தில் யாரோ ஊட்டியிலிருந்து வாங்கி வந்த கம்பளிக் குல்லா. நொய்யல் கரையோரத்தில், அம்மாவின் அம்மாவான எங்கள் அம்முச்சியின் ஊரில், சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, "என்ன கொழந்தைங்க?" என்று கேட்பார்கள். திண்ணையிலிருந்து பதில் வரும், கூடவே எடை, நிறம், யாருடைய ஜாடை என்கிற விவரங்களும் வரும். கொடியில் துணி கூடுதலாகத் தெரிந்தால் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று தெருவே புரிந்துகொள்ளும். மதியத்துக்குள் ஒருவர் வசம்போடும் இன்னொருவர் ஓமத் தண்ணீரோடும் வந்து நிற்பார்கள். இன்று என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில், பால்கனிக்கு வெளியே துணி தெரியக் கூடாது என்று விதி. எதிர்வீட்டில் ஒரு பிள்ளை பிறந்த செய்தியே, அந்தப் பிள்ளை தள்ளுவண்டியில் உட்கார்ந்து லிஃப்டில் ஏறியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கொடியில் பாதிக்கு மேல், அம்மாவின் அப்பாவான அப்பச்சியின் பழைய வேட்டிதான். 1963இல் என் தம்பி பிறப்பதற்கு முன்னால் அம்முச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து துணி தேர்ந்தெடுத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. வேட்டியை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். நூல் எங்கே நைந்திருக்கிறது, எங்கே இன்னும் பலம் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு சுருட்டித் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு என் கன்னத்திலும் வைப்பார். "சொரசொரன்னு இருக்குதா கண்ணு? இருந்தா சொல்லிப்போடு, கொழந்தைக்கு ஆகாது." நான் இல்லை என்றால்தான் கிழிப்பார். புதுத் துணியில் நெசவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், நூலின் முரட்டுத்தனமும் இருக்கும். வருடக்கணக்கில் உடுத்தி, அடித்து, அலசிய வேட்டியில் அதெல்லாம் போய், பருத்தி மட்டும் மிஞ்சும். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணியைத்தான் போர்த்த வேண்டும் என்கிற வழக்கத்தை எத்தனையோ வீடுகளில் சாஸ்திரமாகச் சொல்வார்கள். அம்முச்சி அதைக் கன்னத்தால் சோதித்துப் பார்த்துச் சொன்னார். சுருங்காமல் இருக்கவும் மடிப்பு நிற்கவும் ரசாயனம் ஏற்றி வருகிற இன்றைய துணிகளை, உடுத்துவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதும் அதே கன்னத்தின் பேச்சுதான்.

கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல், பக்கத்தில் மூன்று வாளி. முதல் வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். பிறந்த ஒன்றிரண்டு நாளில் பிள்ளை கழிக்கிற காட்டுப்பீ, கறுத்து, பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து யாராவது சுடுதண்ணீரை எடுத்தால் அம்முச்சி கையைப் பிடித்துக்கொள்வார். "சுடுதண்ணி ஊத்துனா கறை அங்கியே குடியேறிக்கும்." பால் கக்கிய கறையும் அப்படித்தான். புரதம் சூட்டில் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும் என்று பல வருடம் கழித்து ஒரு சாய ஆலையின் ஆய்வறையில் எனக்கு விளக்கினார்கள். அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நான் இல்லை, எனக்கு அதைச் சொன்ன முதல் ஆள் அவரும் இல்லை. பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகு 501 பார் சோப்பைத் தேய்த்துக் கல்லில் நாலு அடி. சோடா உப்புப் போட்ட அண்டாவில் ஒரு கொதி. பிறகு சோப்பு வாசனையே இல்லாமல் போகிறவரை அலசல். இந்தக் கடைசி அலசலில் அவர் காட்டிய பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. துணியில் தங்குகிற சோப்பின் காரமும், நேரத்தோடு மாற்றாத துணியில் சிறுநீரின் யூரியா சிதைந்து எழுகிற அமோனியாவும், இரண்டுமே பிள்ளையின் தொடையைப் புண்ணாக்கும். காலையில் தூளிப் பக்கம் போனால் மூக்கில் சுரீரென்று ஏறுமே, அந்த நெடிதான்.

கல்லில் அடிப்பதைப் பருத்தி மட்டும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். நனைந்தால் பலம் கூடுகிற இழை அது. கொதிக்கிற காரத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் வெள்ளாவி என்கிற மகத்தான ஏற்பாடே சாத்தியமாயிற்று: உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை ஊறவைத்து, பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய் அடித்து வெளுப்பார்கள். பிரசவத்தன்று அம்மாவின் துணியையும் பிள்ளையின் முதல் துணிகளையும் எடுத்துக்கொண்டு போனவர், எங்கள் பக்கம் ஏகாலி என்று சொல்கிற சலவைத் தொழிலாளர் வீட்டு அம்மாள். தீட்டு என்பதால் யாரும் தொடத் தயங்கியதை அவர் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார்; பதிலுக்குச் சுத்தமான மாத்துத் துணி கொண்டுவந்து கொடுத்தார். கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போனார். வருடத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று கூலி. என் அம்மாவைவிட மூத்த அவரை, எங்கள் வயதுப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடும்படி ஊர் பழக்கியிருந்தது. அந்தக் காலத்துத் துணியின் வெண்மையை நினைத்து ஏங்குகிறவர்கள், நான் உட்பட, அந்த அம்மாளின் வெந்த கைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வாஷிங் மெஷினைக் குறைசொல்லி யாராவது பேசினால் நான் முதலில் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வெயில். எத்தனை துவைத்தாலும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் துணியில் மஞ்சள் தங்கும். அம்முச்சி அதற்காக மெனக்கெட மாட்டார்; ஈரத்தோடு வெயிலில் போட்டுவிடுவார், சாயங்காலம் மஞ்சள் போயிருக்கும். அந்த மஞ்சளில் பிலிரூபின் என்கிற பித்த நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதையும். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், 1950களில், குறைமாதப் பிள்ளைகளைத் தோட்டத்து வெயிலில் கொண்டுபோய் வைக்கிற வழக்கம் கொண்ட ஒரு செவிலியர், வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் மஞ்சள் காமாலை வெளிறியிருப்பதைக் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார். கிரெமர் என்கிற டாக்டரும் மற்றவர்களும் அதை ஆராய்ந்து 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று காமாலை கண்ட பச்சைப் பிள்ளைகளை நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பது அங்கிருந்து வந்ததுதான். பிள்ளையின் தோலிலிருந்தும் பிள்ளையின் துணியிலிருந்தும் ஒரே மஞ்சளை ஒரே வெளிச்சம் எடுக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, அம்முச்சி உயிரோடு இருந்திருந்தால் பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருப்பேன்.

எல்லாத் துணியும் வெயிலுக்குப் போகாது என்பதும் அதே கிணற்றடியில் கற்றதுதான். மொட்டையடித்துக் காது குத்துகிற அன்றைக்கு மட்டும் வெளியே வருகிற பட்டுச் சட்டை, அடுத்த நாள் தனி மரியாதையோடு துவைக்கப்படும். முந்தின இரவே பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை எடுத்துவிட்டு, தோலை ஊறவைத்திருப்பார்கள். காலையில் அதைப் பிசைந்தால் பழுப்பு நுரை பொங்கும். எங்களுக்கு அதில் கைவிட்டு அடிப்பதைவிடப் பெரிய விளையாட்டு அன்றைக்குக் கிடையாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள், சோப்பின் காரம் அவற்றை அரிக்கும். பூந்திக்கொட்டை நுரையில் காரம் இல்லை. பட்டை முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்கி, நிழலில் உலர்த்தி, ஜரிகை உள்ளே போகும்படி மடித்து வைப்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுவார்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடியும் என்பதால். பிள்ளை வளர்ந்து சட்டை போதாமல் போன பிறகும் இந்த மடிப்பு மாற்றம் மட்டும் தவறாமல் நடந்தது.

கம்பளிதான் எல்லாவற்றிலும் நுணுக்கம். அதன் இழையில் மீன் செதிலைப் போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு; சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு, ஒரு வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகும். அதனால் வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், அதே பூந்திக்கொட்டை. எடுத்ததும் துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரத்தை இழுப்பார்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் கை நீண்டுவிடும் என்று, வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன் மேல் குட்டி ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் விரித்து, பொத்தான் பக்கத்தை நேராக இழுத்துவிட்டு, படுக்கவைப்பார்கள். கட்டிலின் கயிற்றிடைவெளி வழியாகக் கீழிருந்தும் காற்று வரும். இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அந்தக் கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது; அப்பச்சியே கோயில் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார்.

மலேயாவிலிருந்து வந்த நைலான் கவுன் இந்த ஒழுங்குக்கெல்லாம் கட்டுப்படவில்லை. ரோஸ் நிறம், மூன்றடுக்கு ஃபிரில். நனைத்து உதறினால் கண்ணெதிரே காயும். தெருப் பெண்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வியர்வையைக் குடிக்காத துணி என்பது பங்குனி வெயிலில்தான் தெரிந்தது, பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சித்தி அதை ஒரு கல்யாணத்துக்காகத் தேய்க்கப் போனார். கொட்டாங்குச்சிக் கரி போட்ட பித்தளைப் பெட்டி, பெட்டியின் முனை பட்ட இடத்தில் ஃபிரில் உருகி இழுத்துக்கொண்டு வந்தது. அதோடு நைலானின் ஆட்சி எங்கள் வீட்டில் முடிந்தது, ஊரில் முடியவில்லை.

மழைக்காலம் மட்டும் எல்லோருடைய சாமர்த்தியத்தையும் தோற்கடிக்கும். ஐப்பசி அடைமழையில் கூடம், தாழ்வாரம், சமையலறை என்று வீடெங்கும் கொடி. பிளானல் துணி மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். கும்மட்டி அடுப்பில் தணலைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஈரத் துணிகளைக் கூடைமேல் போர்த்தி, தணலில் ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவுவார்கள். உலர்ந்த துணியை எடுத்து முகத்தில் வைத்தால் வருகிற அந்த இளஞ்சூடும் வாசனையும் சேர்ந்த சுகம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பச்சைப் பிள்ளை இருக்கிற அறையில் புகையே ஆகாது, அதன் நுரையீரல் தாங்காது என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், எனக்கு மறுப்பில்லை. அந்த வாசனை போன வருத்தமும் போகவில்லை. டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே உருட்டிவிட்டிருந்த அந்துருண்டையும் அப்படித்தான். சிவப்பணுக்களில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு, அந்துருண்டையோடு இருந்த துணியை அப்படியே உடுத்தினால் ரத்தம் சிதைந்து காமாலை வரும் என்பது நிச்சயமாக அறியப்பட்ட உண்மை. பெட்டியிலிருந்து எடுத்ததும் துவைத்து வெயிலில் போட்ட வீடுகள் ஓரளவு தப்பித்தன.

என் மகன் பிறந்த 80களில் நான் திருப்பூரில், ஒரு பின்னலாடைக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருந்தேன். எங்கள் கையில் வந்தது இன்னொரு பருத்தி: நெய்ததல்ல, பின்னியது. இன்டர்லாக் துணியை இழுத்துவிட்டால் மறுபடி தன் இடத்துக்கு வரும். பிள்ளை கை காலை உதைத்தால் துணியும் கூடவே போகும். தலை வழியாக மாட்டும்போது அழாத பிள்ளையை எங்கள் குடும்பம் அப்போதுதான் முதலில் பார்த்தது. குழந்தைகள் உடுப்பு என்றால் கம்பெனியிலேயே தனிக் கவனம். ஸ்நாப் பட்டனை இழுத்துப் பார்ப்பார்கள். ஒடிந்த ஊசி முனை எதுவும் உள்ளே தங்கிவிடக் கூடாது என்று ஊசி கண்டுபிடிக்கிற எந்திரத்தில் பீஸ் பீஸாக விட்டெடுப்பது பிறகு வந்தது. ஒவ்வொரு சட்டையின் பக்கவாட்டுத் தையலிலும் வாஷ்கேர் லேபிள் வைத்துத் தைப்போம். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்க வேண்டும். தொட்டிக்குள் 40 என்றால் அதற்கு மேல் சூடு கூடாது. முக்கோணத்தைக் குறுக்கே அடித்திருந்தால் பிளீச் ஆகாது. சதுரத்துக்குள் வட்டம் டிரையர். இஸ்திரிப்பெட்டிக்குள் உள்ள புள்ளிகள் சூட்டின் அளவு. இந்தக் குறிகளைக் கவனித்துக்கொள்ளும் ஜினிடெக்ஸ் என்கிற அமைப்பு பாரிசில் தொடங்கியது 1963இல், அதாவது அம்முச்சி என் கன்னத்தில் வேட்டியை வைத்துப் பார்த்த அதே வருடத்தில். எந்த பாஷைக்காரரும் படிக்கலாம் என்பதால் அந்தக் குறிகள் மீது எனக்கு மரியாதை உண்டு. கையும் கன்னமும் செய்த வேலையை ஒரு அங்குல நாடாவில் அடக்கியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டைகளுக்கு ஏறிய சாயம் எங்கே போயிற்று என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேர்கிற நொய்யலில்தான் ஒரு காலத்தில் ஊர்ப் பிள்ளைகளின் துணிகளெல்லாம் அலசப்பட்டன. பிறகு எந்த நாட்டுப் பிள்ளைக்கு என்ன நிறம் தைக்கிறார்கள் என்பதை ஆற்றைப் பார்த்துச் சொல்லலாம் என்று ஆயிற்று. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடுகள் அதன் பிறகுதான் வேகம் பிடித்தன. அந்தத் தொழிலில் சோறு தின்றவன் நான். பிள்ளையின் தோலுக்கு எது ஆகாது என்று அத்தனை கவனமாகப் பார்த்த ஊர், ஆற்றுக்கு எது ஆகாது என்று பார்க்க அத்தனை வருடம் எடுத்துக்கொண்டதே என்கிற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது பேத்தியின் காலம். மருமகள் மூன்று கூடை வைத்திருக்கிறாள்: வெள்ளைப் பருத்தி, நிறப் பருத்தி, மெல்லிய ரகம். மெஷினில் பிள்ளைத் துணிக்கென்றே ஒரு பொத்தான், 60 டிகிரி. முடிந்ததும் அது ஒரு பாட்டுப் பாடுகிறது, பேத்தி அதற்குத் தலையாட்டுகிறாள். புரதக் கறையைத் தின்கிற என்சைம் கலந்த திரவத்தைப் பருத்திக்கு மட்டும் ஊற்றி, கம்பளிக்கு ஊற்றாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது மருமகளுக்கு. கம்பளியும் புரதம்தானே, தின்றுவிடும். மூங்கில் துணி என்று ஒன்று வந்திருக்கிறது. தொட்டால் கை வழுக்கும். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, மறுபடி இழையாக இழுத்த விஸ்கோஸ் அது. பருத்திக்கு நேர் எதிர், நனைந்தால் பலம் குறையும். கல்லில் ஒரே அடி போதும், கிழிந்துவிடும். அதை வலைப்பையில் போட்டுத்தான் மெஷினுக்குள் அனுப்புகிறாள். ராத்திரிக்கு டயபர். தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கிற அந்தத் தூளை ஐப்பசி மழையில் அம்முச்சி கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். காலையில் நிறைகிற குப்பைத்தொட்டியைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

போன மாதம் பேத்திக்குத் தொடையிடுக்கில் தடிப்பு. "மாமா, பழைய வேட்டி ஏதாச்சும் இருக்குங்களா? கொஞ்ச நாளைக்குத் துணி கட்டச் சொல்றாங்க டாக்டர்" என்று கேட்டாள் மருமகள். பீரோவைத் திறந்தால் என் வேட்டிகள் எல்லாம் பாதிக்குப் பாதி பாலியஸ்டர், சில ஒட்டிக்கொள்ளும் ரகம். ஒன்றும் ஈரம் குடிக்காது. கடைசியில் ஊரில் இருக்கிற சித்தப்பாவிடம் போனேன். கைத்தறி வேட்டி தவிர வேறு உடுத்தியறியாத மனிதர். நாலு வேட்டி எடுத்துக் கொடுத்தார், மடித்துத் தரும்போது தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மருமகள் அவற்றைக் கிழித்து 60 டிகிரியில் போட்டாள். கிழித்த ஓரங்களிலிருந்து நூல் பிரிந்து மெஷினின் வடிகட்டியெல்லாம் அடைத்துக்கொண்டது. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருக்கிற பவர்டேபிள் தையல் கூடத்துக்குப் போனேன். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பையன் ஒரு துண்டை எடுத்து விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இது எந்தக் கம்பெனிப் பீஸ்? லேபிள் எங்கீங்க வெக்கிறது?" என்றான். லேபிள் வேண்டாம், ஓரம் மட்டும் கட்டு என்றேன். அரைமணி நேரத்தில் முடித்தான். கூலி வாங்க மாட்டேன் என்றான். அவன் வீட்டிலும் தை மாதம் பிள்ளை வருகிறதாம், சித்தப்பாவிடம் இன்னும் இரண்டு வேட்டி மிச்சமிருந்தால் கேட்டு வாங்கித் தர முடியுமா என்றான்.